சவரிமுத்து வீட்டு ஓட்டின் மேல்

மணி நாலாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. பெங்களூர் மர்பி டவுனில் ஒரு ஓட்டு வீட்டின் கூரைச் சரிவில், படுக்கப் போட்ட மூங்கில் ஏணியின் மேல் நான் உட்கார்ந்திருந்தேன். இடுப்பில் கயிறு. அதன் மறுமுனை கூரை முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கி, ஜன்னல் கம்பியில் முடிந்திருந்தது. எனக்கு முன்னால் ஒரு இரும்புக் கம்பம். அதன் தலையில் பெரிய முறம் அகலத்துக்கு ஒரு டிஷ்.

கீழே ஹாலில் டிவிக்கு முன்னால் லூர்து ஆன்ட்டி. ஜன்னலுக்கு வெளியே என் கூட்டாளி நயாஸ். திரையில் சிக்னல் கோடு என்ன நிறத்தில் தெரிகிறது என்று ஆன்ட்டி சொல்வார், நயாஸ் அதை மேலே கத்துவான், நான் டிஷ்ஷை ஒரு நூல் திருப்புவேன். காலை பதினொன்றரையிலிருந்து இதுதான் நடந்துகொண்டிருந்தது.

"இப்ப என்ன ஆன்ட்டி தெரியுது?"

"செவப்பு கோடு. காத்தாலேர்ந்து அதே செவப்பு கோடு. இவரு இந்த கோட்டுக்குள்ளதான் குந்திகினு வாசிக்கிறாரு போல."

'இவர்' என்றது அவருடைய கணவர் சவரிமுத்துவை. கல்யாண பேண்டில் கிளாரினெட் வாசிப்பவர். அன்று நாலு மணிக்கு ஒரு தமிழ்ச் சேனலில் தான் வாசிப்பது வரப்போகிறது என்று ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். அந்தத் தெருவில் ஒருவரும் நம்பவில்லை. முக்கியமாக, பெண்டாட்டி நம்பவில்லை.

நம்ப வைக்கும் பொறுப்பு என் கையிலிருந்த ஸ்பானருக்கு வந்து சேர்ந்திருந்தது.

இறங்கியவரும் ஏறியவனும்

ஹூப்ளி ஓட்டலில் தோசைக்கல் தேய்த்ததைப் பற்றி முன்பு இந்தத் தொடரில் எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் படித்துவிட்டு ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். 'உங்களுக்கு எந்த வேலையும் நிலைக்கவில்லையா?' என்று கேட்கிறார்.

நிலைக்கவில்லை. நானும் நிலைக்கவில்லை. இரண்டு பக்கமும் குறை இருந்தது.

என் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. இரும்புக் கூண்டில் நின்று பூமிக்குள் இறங்குவார். நெஞ்சில் கல்தூசி சேர்ந்து, ஐம்பது வயது ஆவதற்குள் மூச்சு நின்றது. நான் எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்துவிட்டு, மூன்றாம் முறைக்குப் பதிலாக ரயில் ஏறினேன். அதற்குப் பிறகு லாரி கிளீனர், ஓட்டல், கோழிப் பண்ணை. ஓர் இடத்தில் ஒரு வருடம் முடிந்தால் எனக்குக் கால் அரிக்க ஆரம்பித்துவிடும்.

அப்பா வேலைக்கு இறங்கினார், நான் ஏறினேன். வேறு வித்தியாசம் சொல்லத் தோன்றவில்லை.

ஏறியது அடுகோடியில். அங்கே ஒரு வெல்டிங் பட்டறையில் குடை டிஷ் செய்வார்கள். பன்னிரண்டு அடி அகலம், கம்பி வலை, குடைக்கு இருப்பது போலவே விலா எலும்புகள். இரவில் அதற்குள்ளேயே சாக்கு விரித்துத் தூங்குவேன். தொட்டிலில் படுத்த மாதிரி இருக்கும், காலையில் முதுகில் கட்டம் கட்டமாக அச்சு விழுந்திருக்கும்.

பிறகு டிஷ் சின்னதானது. ஒரு டிஷ் கம்பெனியில் சேர்ந்து, மொட்டை மாடி மொட்டை மாடியாக ஏறி மாட்டினேன். எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் புதிதாக எழும்பிய கட்டடங்களில் ஒரே நாளில் ஏழெட்டு மாட்டியிருக்கிறேன். எல்லாம் தட்டையான கான்கிரீட் தளம். நான்கு ஓட்டை, நான்கு போல்ட், கம்பம் தானாக நேராக நிற்கும்.

சரிந்த கூரையில் ஒன்றுகூட மாட்டியதில்லை. இதை நான் முதலாளியிடமும் சொல்லவில்லை, சவரிமுத்துவிடமும் சொல்லவில்லை.

யானை சொன்ன சாட்சி

சவரிமுத்து அங்கிளுக்கு அறுபதை ஒட்டிய வயது. ஒல்லி உடம்பு, ஆனால் கன்னம் மட்டும் சதை போட்டிருக்கும். ஊதி ஊதி வந்த கன்னம். அன்று காலை மாதாகோயிலில் பூசை முடிந்து நேராக வந்து, எங்களுக்கு முன்பே ஏணியடியில் நின்றிருந்தார்.

"தம்பி, நாப்பது வருசமா வாசிக்கிறேன். நான் வாசிக்கிறத நான் பாத்ததே இல்ல. ஊருல எல்லாரும் பாத்துட்டான். நான் ஒருத்தன்தான் பாக்கல."

"கண்ணாடி முன்னால நின்னு வாசி, தெரியும்," என்றார் உள்ளேயிருந்து லூர்து ஆன்ட்டி.

ஆன்ட்டியைக் குறை சொல்ல முடியாது. அங்கிளின் பேச்சு அப்படி. பன்னேர்கட்டா பக்கம் ஒரு கல்யாணத்தில் பந்தலுக்குள் யானை வந்ததாம். இவர் ஒரு கீர்த்தனை எடுத்து விட்டாராம். யானை காதை ஆட்டிக் கேட்டுவிட்டு அமைதியாகத் திரும்பிப் போனதாம்.

"யானை வந்தது நெஜம், போனதும் நெஜம்," என்றார் ஆன்ட்டி. "நடுவுல ரெண்டு வாழ மரத்தையும் தின்னுட்டு, வயிறு ரொம்பி போச்சு. அத மட்டும் இவரு சொல்ல மாட்டாரு."

சில மாதங்களுக்கு முன்பு வேலூர்ப் பக்கம் ஒரு மாதாகோயில் திருவிழாவுக்கு இவர்கள் பேண்டு போயிருந்தது. அங்கே சேனல்காரர்கள் கேமராவோடு வந்து, தன்னை மட்டும் தனியாக நிறுத்தி எடுத்தார்கள் என்று அங்கிள் சொன்னார். அந்தப் பயணத்திலிருந்து அவர் இரண்டு நாள் தாமதமாக, வாசனையோடு திரும்பி வந்தார் என்று ஆன்ட்டி சொன்னார். கேமரா என்பது அந்த இரண்டு நாளுக்குச் சொன்ன சாக்கு என்பது ஆன்ட்டியின் தீர்ப்பு.

காவிரித் தகராறு சூடாக இருந்த நேரம். அப்படிப்பட்ட நாட்களில் எங்கள் ஊர் கேபிளில் முதலில் காணாமல் போவது தமிழ்தான். அதனால்தான் அங்கிளுக்கு டிஷ் அவசரமானது.

முற்றத்துக் கொடியில் அவருடைய பேண்டு கோட்டு காய்ந்துகொண்டிருந்தது. சிவப்புத் துணி, தோளில் ஜரிகை. பித்தளைப் பட்டன்கள் வரிசையாக மின்ன, மூன்றாவது இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைப் பட்டன். பள்ளிக்கூடச் சட்டையில் இருக்குமே, அது.

"திருவிழாவுக்கு கெளம்புற அன்னிக்கு அறுந்து போச்சு," என்றார் அங்கிள். "கைல கெடச்சத வெச்சு தெச்சுட்டா. அப்புறம் சிவாஜிநகர் பூரா அலஞ்சு, அதே மாதிரி பித்தள பட்டன் வாங்கியாந்து குடுத்தேன். தைக்க மாட்டேங்கிறா."

"மொதல்ல டிவில வா. அப்புறம் பித்தள பட்டன்," என்றார் ஆன்ட்டி.

ஒரு சாண் வலப்பக்கம்

ஓட்டுக் கூரையில் செருப்போடு ஏறக் கூடாது. வெறுங்காலோடு, அதுவும் ஓட்டைத் தாங்கும் கைமரம் ஓடும் கோட்டிலேயே மிதிக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு நயாஸ் ஏணியடியில் நின்று சொல்லிக் கொடுத்தது. அவன் தாத்தா காலத்திலிருந்து ஓட்டு வீட்டில் இருப்பவன்.

"ஒரு ஓடு ஒடஞ்சாலும், மழைல அந்த எடத்துல உன் தலையத்தான் வெப்பேன்," என்று ஆன்ட்டி முன்கூட்டியே எச்சரித்திருந்தார். மூன்று உடைந்தன. மூன்றையும் நயாஸ் சத்தமில்லாமல் வேலிக்கு அந்தப் பக்கம் போட்டான்.

ஓட்டில் திருகாணி இறங்காது. ஓட்டைக் கழற்றி, அடியில் இருக்கும் கைமரத்தில் இரும்புத் தகட்டை போல்ட் போட்டு, தகட்டின் மேல் கம்பத்தை நிறுத்த வேண்டும். கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு இருந்தது, ஹாலுக்கு வெளிச்சம் வருவதற்காக. அதன் பக்கத்துக் கைமரம்தான் உறுதியாக இருந்தது. கண்ணாடி ஓட்டை எடுத்து ஓரமாக வைத்தேன். அந்த ஓட்டை வழியாகவே வயரையும் உள்ளே விட்டேன். கீழே ஹால் தெரிந்தது. டிவி சுவரோரமாக இருந்ததால் அதன் முதுகுதான் தெரிந்தது.

டிஷ் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பதற்குக் கம்பெனியில் திசைகாட்டி கொடுத்திருந்தார்கள். இரும்புக் கம்பம் பக்கத்தில் இருந்தால் அதன் முள்ளுக்குப் புத்தி பேதலித்துவிடும். எங்களுக்கு நயாஸின் கணக்குதான் கணக்கு. பள்ளிவாசலில் தொழுகைக்கு எந்தப் பக்கம் நிற்பார்களோ அதற்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். கையை நேரே நீட்டி, ஒரு சாண் வலப்பக்கம். அவ்வளவுதான். பெங்களூரில் எந்த மாடிக்குப் போனாலும் இது தப்பியதில்லை.

அன்று தப்பியது.

திருப்பினேன், ஏற்றினேன், இறக்கினேன். சிவப்புக் கோடு அசையவில்லை. மேலே ஏற்றுவதற்கு டிஷ்ஷின் பின்னால் ஒரு நீள்துளை உண்டு, அதில் போல்ட் நகரும். கடைசி வரை நகர்த்தினேன். ஒரே ஒரு முறை ஆன்ட்டி கத்தினார்.

"வந்துச்சு! யாரோ ஒரு பொம்பள! ஐயோ, மூஞ்சி மொசைக் தரையாட்டம் ஒடையுது!"

"போச்சா?"

"போச்சு. மூக்கு மட்டும் இருந்துச்சு, அதும் போச்சு."

எதிர்வீட்டு கௌரம்மா, கன்னடக்காரர், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து ஹாலில் போட்டுக்கொண்டார். "பந்தா, லூர்து?" என்று கேட்டார். வந்துவிட்டதா என்று.

"எல்லி பந்து? செவப்பு கோடு மட்டும் பந்து," என்றார் ஆன்ட்டி. 'எல்லி' என்றால் எங்கே.

மூன்றரை ஆனது. அங்கிள் முற்றத்தில் நடந்துகொண்டிருந்தார். நிமிடத்துக்கு ஒரு முறை ஹாலுக்குள் எட்டிக் கடிகாரத்தைப் பார்த்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

குவார்ட்டர் பாட்டில்

சரிவில் நாலு மணி நேரம் உட்கார்ந்தால் கண் கெட்டுவிடும். சரிவையே சமதரை என்று நம்பத் தொடங்கும். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து கம்பம் கம்பீரமாக, நேராகத்தான் தெரிந்தது.

"அரே சேகரு," என்றான் கீழிருந்து நயாஸ். "கம்பம் சாஞ்சிருக்கு பாரு."

"நேராத்தான்டா இருக்கு."

"நீ சாஞ்சு குந்தினு இருக்கே. உனக்கு நேராத்தான் தெரியும்."

சந்தேகம் வந்துவிட்டது. சாய்வைக் காட்டும் ரசமட்டம் கொண்டு வரவில்லை. மொட்டை மாடிக்கு அது தேவைப்பட்டதே இல்லை. ஒரு காலி பாட்டில் இருந்தால் பாதி தண்ணீர் ஊற்றிக் கொடுங்கள் என்றேன்.

"காலி பாட்டிலா?" ஆன்ட்டி சிரித்தது மேலே வரை கேட்டது. "இந்த வூட்டுல வேற எது இல்லனாலும் அது இருக்கும். எந்த சைஸு வேணும் சொல்லு."

குவார்ட்டர் பாட்டில் வந்தது. கம்பத்தின் மேல் அதை ஒட்டிப் பிடித்தேன். தண்ணீர் பொய் சொல்லாது. பாட்டிலுக்குள் ஒரு பக்கம் கழுத்து வரை ஏறி, மறுபக்கம் அடிக்கு இறங்கி நின்றது. மொட்டை மாடியில் செய்கிற மாதிரியே தகட்டைக் கூரையோடு ஒட்டிப் பதித்திருந்தேன். கூரை எவ்வளவு சரிந்ததோ, கம்பமும் அவ்வளவு சாய்ந்திருந்தது. வானத்தைப் பார்க்க வேண்டிய டிஷ், கௌரம்மா வீட்டுக் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இதைச் சரிசெய்ய ஓடுகளைத் திரும்பக் கழற்ற வேண்டும், தகட்டுக்கு அடியில் ஆப்பு வைக்க வேண்டும். ஒன்றரை மணி நேர வேலை. இருந்தது பத்து நிமிடம்கூட இல்லை.

நான் கம்பத்தைப் பார்த்தேன். கீழே அங்கிள் என்னைப் பார்த்தார். "பரவால்ல தம்பி, எறங்கி வா," என்று மட்டும் சொன்னார். யானையைத் திருப்பி அனுப்பிய மனிதர் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

கைதான் கம்பம்

நீள்துளையின் போல்ட்டைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டேன். டிஷ் தலை தொங்கியது. பின்னால் நகர்ந்து, ஏணிப் படியில் குதிகாலை ஊன்றி, அதன் முதுகை மார்போடு அணைத்து மேலே தூக்கினேன். ஒரு விரல். இன்னும் ஒரு விரல்.

"மஞ்ச!" என்றார் ஆன்ட்டி.

"மஞ்ச!" என்றான் நயாஸ்.

இன்னும் ஒரு நூல் தூக்கினேன்.

"பச்ச! பச்ச வந்துச்சு! படம்! அப்பிடியே இரு!"

"அப்பிடியே இரு சேகரு! மூச்சு வுடாதே!" என்று கத்திவிட்டு நயாஸும் ஹாலுக்குள் ஓடிவிட்டான்.

அப்படியே இருந்தேன். விட்டால் படம் போய்விடும். வாயில் போல்ட் இருந்ததால் யாரையும் கூப்பிடவும் முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் தோள் எரிய ஆரம்பித்தது, பிறகு மரத்துப்போனது. கோழிப் பண்ணையில் தீவன மூட்டை சுமந்தவனுக்கு அது பெரிய விஷயம் இல்லை. மூக்கின் மேல் ஒரு எறும்பு நடந்ததுதான் பெரிய விஷயம்.

முழங்காலுக்குப் பக்கத்தில் கண்ணாடி ஓடு எடுத்த ஓட்டை. அதன் வழியாகத் தலைகள் மட்டும் தெரிந்தன. நடு வகிடு நரைத்த கௌரம்மா. நயாஸின் தொப்பி. அங்கிளின் சொட்டை. எண்ணெய் மின்னும் ஆன்ட்டியின் கொண்டை. நான்கு தலையும் ஆடாமல் இருந்தன.

முதலில் விளம்பரம். பிறகு மணியோசை. யாரோ திருவிழாவைப் பற்றிப் பேசினார். டிரம் கேட்டது. டிரம்பெட் கேட்டது. அதற்குள்ளிருந்து நூல் பிரிவது போலக் கிளாரினெட் தனியாகக் கிளம்பியது.

அங்கிளின் சொட்டை முன்னால் நகர்ந்தது. "நாந்தான்! இது நாந்தான்!"

"எங்க?" என்றார் ஆன்ட்டி. "வெரல்தான் தெரியுது."

"என் வெரல்தாண்டி அது!"

"மொகா எல்லி?" என்றார் கௌரம்மா. முகம் எங்கே?

முகம் வரவில்லை. பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன், அந்தக் கேமராக்காரன் கிளாரினெட்டையும் அதன் மேல் ஓடும் விரல்களையும் மட்டுமே காட்டிக்கொண்டிருந்தானாம். வாசிப்பு முடிகிற வரை கழுத்துக்கு மேலே ஏறவே இல்லை. நாற்பது வருடம் காத்திருந்த மனிதனுக்குக் கிடைத்தது பத்து விரல்.

"யாரோ ஒருத்தன் கைய காட்றான்," என்றார் கௌரம்மா தனக்குத் தெரிந்த தமிழில். நயாஸ் இருமினான். அங்கிளின் தலை மெதுவாகக் கவிழ்ந்தது. கிளாரினெட் மட்டும் தன்பாட்டுக்கு மேலே மேலே போய்க்கொண்டிருந்தது.

அப்போது அந்தக் கொண்டை எழுந்தது. டிவிக்கு முன்னால் போய், திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தது.

"பட்டன்!"

யாருக்கும் புரியவில்லை.

"பட்டன பாருங்க! மூணாவது பட்டன்! வெள்ள பட்டன்! நான் தெச்சது அது! கறுப்பு நூலு போட்டு நான் தெச்சது!" என்று கத்தினார் ஆன்ட்டி. "கௌரம்மா, நோடி! நம்ம யஜமானரு! என் வூட்டுக்காரரு! இவருதான்!"

வேறு யாரும் அதைச் சொல்லியிருக்க முடியாது. ஊரிலேயே அந்தப் பட்டனுக்கு ஒரே ஒரு சாட்சிதான்.

கீழே என்ன நடந்தது என்று முழுதாகத் தெரியவில்லை. கொண்டையும் சொட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வந்து, அந்தச் சின்ன ஓட்டைக்குள் ஒரே இடத்தில் நின்றன. அதற்கு மேல் பார்ப்பது மரியாதை இல்லை என்று நான் கௌரம்மாவின் கிணற்றைப் பார்த்தேன்.

நிகழ்ச்சி முடிந்து, அடுத்த நிகழ்ச்சியும் கொஞ்சம் ஓடியது. யாருக்கும் என் ஞாபகம் வரவில்லை. கடைசியில் கையை விட்டேன்.

"ஐயோ, போச்சு!" என்றார் ஆன்ட்டி. பிறகு, "அந்த புள்ள இன்னும் மேலயே குந்தினு இருக்குடா!"

அன்று அங்கே சாப்பிட்ட மாட்டுக்கறிக் குழம்பின் ருசி இப்போதும் நாக்கில் இருக்கிறது. கை இன்னும் மடங்காததால் சோற்றை அங்கிள்தான் பிசைந்து கொடுத்தார். "நீ பாத்தியா தம்பி?" என்று மூன்று முறை கேட்டார். வாசிப்பைக் காதால் கேட்டேன் அங்கிள், பார்க்கவில்லை என்றேன். "அப்ப சரி, நீயும் என்ன மாதிரிதான்," என்றார்.

மறுநாள்

மறுநாள் பலா மரத்தில் ஆப்பு செதுக்கி எடுத்துக்கொண்டு போனேன். வேலூர் கதை அதற்குள் தெருமுனை வரை போயிருந்தது. கேமரா ஒன்று மூன்றாகியிருந்தது. இந்த முறை அதைச் சொல்லிக்கொண்டிருந்தவர் ஆன்ட்டி.

ஓட்டைக் கழற்றி ஆப்பை வைத்தேன். ரசமட்டத்தை அன்றும் மறந்துவிட்டேன். கம்பம் நேரா என்று பார்க்க, தூக்குக் குண்டாகத் தொங்கவிட ஏதாவது கனமாகக் கொடுங்கள் என்று மேலிருந்து கேட்டேன்.

ஆன்ட்டி தையல் டப்பாவைத் திறந்தார். கறுப்பு நூலில் கட்டி மேலே அனுப்பினார். சிவாஜிநகரில் வாங்கிய அந்தப் பித்தளைப் பட்டன்.

"இது கோட்டுக்கு வேணாமா ஆன்ட்டி?"

"அதுக்கு எதுக்கு? கோட்டுலதான் பட்டன் இருக்குதே."

கொடியைப் பார்த்தேன். மூன்றாவது இடத்தில் அந்த வெள்ளைப் பட்டன் அப்படியே இருந்தது.

பட்டனைக் கம்பத்தின் அருகே தொங்கவிட்டேன். கனம் போதாது. சின்னக் காற்றுக்கும் ஆடியது. ஓட்டின் மேல் உட்கார்ந்து, அது நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். வெகு நேரம் ஆனது. அன்று எனக்கு எங்கும் போக அவசரம் இல்லை.